ஓடுபாதைக்கு அடியில்

தொலைநோக்கியை ஜீப்பின் கதவில் ஊன்றிக்கொண்டு, வலைக்குக் கீழே குளத்தில் மிதந்துகொண்டிருந்த குஞ்சுகளின் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, உருவத்தில் அம்மாவை எட்டிப் பிடித்துவிட்டன. மஞ்சள் பஞ்செல்லாம் உதிர்ந்து நெஞ்சும் முதுகும் தவிட்டு நிறமாகிவிட்டன. வால்கூட வந்துவிட்டது. இறக்கை மட்டும்தான் பாக்கி. கொழுகொழு உடம்பின் இரண்டு பக்கமும், போன வருடச் சட்டையின் கை மாதிரி குட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவை செய்த அலட்டலைப் பார்க்க வேண்டுமே! தண்ணீரின் மேல் எழுந்து நின்று படபடவென்று அடிப்பதும், கொஞ்ச தூரம் ஓடித் தொப்பென்று விழுவதும், விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்கிற பாவனையில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நீந்துவதும்.

“என்னக்கா, பறந்துருமா?” என்று கேட்டான் ஹாரன். எங்கள் ஜீப்பை ஓட்டுபவன். எதற்கெடுத்தாலும் சைரனை அமுக்கிவிடுவதால் வந்த பெயர் அது. அவனுடைய சொந்தப் பெயர் அவன் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

“இன்னைக்குப் பறக்காது.”

“நாளைக்கு?”

“நாளைக்குக் கேளு.”

ஊர் உலகத்தில் குஞ்சு எப்போது பறக்கும் என்று ஆசையாகக் காத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் பறந்து தொலைத்துவிடக் கூடாதே என்று காவல் உட்கார்ந்திருந்தோம். காரணம் இருக்கிறது. நான் விமான நிலையத்தில் பறவை விரட்டுகிறவள். விமானம் ஏறும்போதோ இறங்கும்போதோ ஒரு பறவை இயந்திரத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குக் கொடுத்திருப்பவை ஒரு ஜீப், அதன் தலையில் ஒரு சைரன், கொஞ்சம் வெடி, ஒரு சிவப்புக் கொடி. மற்றபடி என் இரண்டு கைகள். நான் கைதட்டினால் பருந்துகூடத் திரும்பிப் பார்க்காமல் போகும். என் முறையில் இதுவரை ஒரு சிட்டுக்குருவிகூட விமானத்தில் அடிபட்டதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஏறட்டும், யாருக்கென்ன.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். “ஊருல எல்லாரும் வேலைக்குப் போயி எதையாவது செஞ்சு வச்சுட்டு வராங்க. நீ ஒருத்திதான் ஒண்ணும் இல்லாம பண்ணிட்டு வர்ற” என்று சீண்டுவார். ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் என் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அவருக்குப் புரியவைக்கும் முயற்சியை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட என் மூக்கைத்தான் ஒரு காட்டு வாத்து உடைத்துவிட்டது. பறவை விரட்டுகிறவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. எந்நேரமும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்போம். கழுத்து அப்படியே பழகிவிடும், தரையில் என்ன இருக்கிறது என்று கண்ணில் படாது. எங்கள் அறைக்குப் பின்னால் பழைய வலைச் சுருள்களைக் குவித்து வைத்திருந்தோம். பறவைகள் இறங்காமல் இருக்கக் குளத்தின் மேல் கட்டுகிற வலை. அந்தச் சுருள்களுக்கு அடியில் போய், நாங்கள் தினமும் டீ குடிக்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில், அது முட்டையிட்டு, அடைகாத்து, பொரித்தும்விட்டது. ஒரு காலையில் ஏழு குஞ்சுகளையும் வரிசையாக நடத்திக்கொண்டு எங்கள் கால்களுக்கு முன்னாலேயே போனபோது ஹாரன் டீயை மேலே கொட்டிக்கொண்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுபாட்டுக்குப் புல்லைக் கடந்து, மழைநீர்க் குளத்துக்குப் போய், வலையின் ஓரம் தரையோடு சேராமல் தூக்கிக்கொண்டிருந்த இடமாகப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது. காக்காய்க்கும் பருந்துக்கும் எட்டாத அளவுக்கு நாங்களே மேலே வலை கட்டி வைத்திருக்கிறோம். இதைவிடப் பத்திரமான பிள்ளை வளர்ப்பு இடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்.

எங்கள் மேலாளருக்கு ரூல்ஸ் என்று பெயர் வைத்திருந்தோம். சொல்லும்போது ‘சார்’ சேர்த்துக்கொள்வோம். அவர் குளக்கரையில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

“இதெல்லாம் என்ன?”

“வாத்து சார்.”

“அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?”

“குஞ்சுங்க சார். பறக்காது. பறக்காத வரைக்கும் ஒரு ஆபத்தும் இல்ல. இறக்கை வர்றதுக்குள்ள நானே வெளியேத்திடறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. நூறு இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு வரும் விமானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். “ஒண்ணே ஒண்ணு மேல எழும்பினாலும் துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் பாவம் புண்ணியம்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது” என்றார். நான் தலையாட்டினேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பிடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு போக முடியாதா என்று கேட்பீர்கள். முயன்றோம். குளத்தின் சரிவில் பிளாஸ்டிக் விரித்திருக்கிறது, கால் வைத்தால் வழுக்கும். ஹாரன் இடுப்பளவு தண்ணீரில் நின்றதுதான் மிச்சம். குஞ்சுகள் முங்கி முங்கி அவனைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடின. நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். எங்கே? குளம் ஓடுபாதைக்கு இந்தப் பக்கம். பெரிய ஏரி அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே. அங்கே ஆயிரம் வாத்து பறந்தாலும் விமானம் வரும் வழிக்கு வராது. நடுவில் ஓடுபாதை. வலையின் ஓர இடைவெளி வழியாகக் கரைக்கு வந்து குஞ்சுகள் முதல்முறை எழும்பும்போது காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்று ஏரிப் பக்கமிருந்து வருகிறது. நேராக ஓடுபாதைக்கு மேலேதான் போகும். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போனது.

ஒரே வழிதான் இருந்தது. ஓடுபாதைக்கு அடியில் ஒரு மழைநீர்க் குழாய் போகிறது. ஆள் குனிந்து நடக்கலாம். குளத்தின் ஓரத்தில் ஆரம்பித்து, அந்தப் பக்கம் ஒரு திறந்த கால்வாயில் போய் முடியும். கால்வாய் வேலிக்கு அடியில் நுழைந்து ஏரியில் சேரும். மேலே விமானம் ஓடட்டும், கீழே வாத்து நடக்கட்டும். ஆனால் அந்த வருடம் மழை விடுகிற வழியாக இல்லை. குழாயில் கூரை முட்டத் தண்ணீர். வடிந்தால்தான் நடத்த முடியும். ஆக, தினமும் முதலில் குழாயில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன், பிறகு குளத்துக்கு வந்து இறகு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அது ஒரு விரல் இறங்கினால் இது ஒரு விரல் ஏறும். இறக்கையில் முதலில் நீலநிறத்தில் உறைகள் முளைத்தன. உறை வெடித்து இறகு விரிந்தது. மடித்த இறக்கையின் நுனி முதுகைத் தாண்டி வாலைத் தொட்டுவிட்டால் பறக்கும் என்பது என் கணக்கு.

தாய் வாத்திடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. கரையில் பெரிய பெரிய இறகுகளாகக் கிடந்தன. முதலில் நரி ஏதாவது வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகுதான் கவனித்தேன், அது இறக்கை இறகுகளை எல்லாம் உதிர்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை ஆளாக்கி முடிக்கிற நேரத்தில் இந்த வாத்துகள் பழைய இறகுகளை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிது முளைக்கும்வரை தரையோடு தரையாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு வரும் சமயத்தில் அம்மாவுக்குப் போய்விடும். “இது என்னக்கா நியாயம்?” என்று ஹாரன் கேட்டான். நியாயம் அநியாயம் எனக்குத் தெரியாது. ஆபத்து வந்தால் அதனால் பறக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் என் மகள் டவரில் தனியாக உட்கார ஆரம்பித்தாள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விமானங்களுக்கு இறங்கு, ஏறு, நில் என்று சொல்கிற வேலை. படித்து, பரீட்சை எழுதி, பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகி, இப்போது பின்னால் யாரும் நிற்காமல் அவளே பார்க்கிறாள். ஓடுபாதை ஓரமாக ஜீப்பை எடுக்க வேண்டுமென்றால் நான் அவளிடம் அனுமதி கேட்க வேண்டும். முதல் நாளே வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

“அம்மா, ரேடியோல நீ எனக்கு அம்மா இல்ல. பறவை ஜீப். கண்ணு, செல்லம் எல்லாம் வாயில வரக் கூடாது.”

“சரிங்க மேடம்.”

“பாத்தியா, இப்பவே கிண்டல் பண்ற.”

“ரெண்டு பேரும் வானத்துல பேசிக்கற மரியாதையில பாதி சமையல்கட்டுலயும் பேசினா நான் நிம்மதியா இருப்பேன்” என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் நானும் அவளும் நாயும் பூனையும்தான். நான் என்ன சொன்னாலும் ‘ஏன்?’ என்பாள். குடை எடுத்துக்கொண்டு போ என்றால் ஏன். மாடிப்படி ஈரமாக இருக்கிறது, பார்த்து இறங்கு என்றால் எவ்வளவு ஈரம் என்று கேட்பாள். “நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவம்மா. ஒன் வேலையே பயப்படறதுதான, அது வீட்டுலயும் தொத்திக்கிச்சு” என்று சிரிப்பாள். அவள் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைத் துளைத்தெடுத்தபோது பெருமைப்பட்டவளும் நான்தான். ஆனால் ஓடுபாதையில் ‘ஏன்’ என்று கேட்க நேரம் இருக்காது. நான் ஒரு நாள் அவசரமாக ஏதாவது சொல்லி, இவள் அம்மா சும்மா பயப்படுகிறாள் என்று ஒரு நொடி யோசித்துவிட்டால்? அந்த ஒரு நொடிதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. கேட்டால் ‘ஏன்?’ என்பாள்.

குழாயில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியபோது குஞ்சுகளின் இறக்கை நுனி வாலைத் தொட ஒரு நூல்தான் பாக்கி. மகளுக்கு விடுமுறையாக இருக்கும் நாளில் வேலையை முடித்துவிட வேண்டும் என்று நான் போட்ட திட்டத்தை அன்று பெய்த மழை கெடுத்தது. மறுநாள் காலை தண்ணீர் மறுபடி கணுக்காலுக்கு இறங்கியிருந்தது, ஆனால் அன்று டவரில் அவளுடைய முறை. இன்னும் ஒரு நாள் தள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஒரு குஞ்சு தண்ணீரிலிருந்து எழும்பி வலையில் தலையை முட்டிக்கொண்டு விழுந்தது. இனிமேல் தள்ள முடியாது.

“டவர், பறவை ஜீப். குளத்துப் பக்கக் குழாயில வாத்துகள வெளியேத்தறோம். ஓடுபாதைக்குள்ள வரல.”

“பறவை ஜீப், டவர். சரி. ஓடுபாதைக்கு வெளியிலேயே இருங்க.”

அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிரும். ஹாரன் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பான். அவனைக் கால்வாய்ப் பக்கம் அனுப்பினேன். “தம்பி, நீ ஜீப்ப அந்தப் பக்கம் நிறுத்திட்டு, கைய கட்டிக்கிட்டு உக்காரு. வெளிய வந்தா எண்ணு. வேற ஒண்ணும் பண்ணாத” என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

குளத்தைச் சுற்றி வலையை இறுக்கிவிட்டு, குழாயின் வாய்ப் பக்கம் மட்டும் திறந்துவைத்தேன். பிறகு எதிர்க்கரையில் இறங்கி மெதுவாக நடந்தேன். என் ஆயுசில் நான் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. பறவையைக் கண்டால் கை தட்டுகிறவள், கத்துகிறவள், மேலே எழுப்பிவிடுகிறவள். இப்போது எழும்பாமல் விரட்ட வேண்டும். கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு எட்டு வைத்து, நின்று, தாய் வாத்து தலையைத் திருப்பும்வரை காத்திருந்து, இன்னொரு எட்டு. அது என்னைப் பார்த்தது. குழாயைப் பார்த்தது. தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னது. ஏழும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு இருட்டுக்குள் நுழைந்தன. நானும் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

குழாய்க்குள் பாசி வாடை. தூரத்தில் தட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம், அதன் முன்னால் எட்டுக் கறுப்புத் தலைகள். பாதி தூரம் போனபோது மேலே ஒரு விமானம் ஓடியது. சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. தண்ணீர் முழுக்க நடுங்கியது. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றுவிட்டன. போச்சு, திரும்பி ஓடிவரப்போகின்றன என்று நினைத்தேன். தாய் ஒரு தடவை குரல் கொடுத்தது. அவ்வளவுதான், அத்தனையும் மறுபடி வரிசையாகின. இறக்கையில் ஒரு நல்ல இறகு இல்லாத அந்த வாத்தின் மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

முன்னால் போன சில வெளிச்சத்துக்குள் இறங்கியிருக்கும். அப்போதுதான் சைரன் அலறியது.

பிறகு ஹாரன் சத்தியம் செய்தான், “கை தானா போயிருச்சுக்கா” என்று. நான் நம்புகிறேன். ஓடுபாதைப் பக்கம் பறவை கண்ணில் பட்டால் கை சைரனுக்குப் போக வேண்டும் என்று அவனைப் பழக்கிய பிரிவு எங்களுடையது. அது அவன் கையின் குற்றம் இல்லை. ஆனால் குழாய்க்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். இரண்டு குஞ்சுகள் என் கால்களுக்கு இடையில் புகுந்து பின்னால் ஓடின. நான் தலை இடிபட, முழங்கை தேய, வெளியே போய் விழுந்து, கால்வாய்ச் சரிவில் தவழ்ந்து ஏறினேன்.

ஒரு குஞ்சு புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்புக்கு எதிர்த் திசையில், ஓடுபாதையை நோக்கி. கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு, தடுமாறி, மறுபடி அடித்துக்கொண்டு. விழப்போகிறது என்று நினைத்தேன், வழக்கமாக விழுவதுபோல. விழவில்லை. கால் புல்லை விட்டது. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது பயமா சந்தோஷமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் ஆள் உயரத்துக்கு எழும்பியது, பிறகு இரண்டாள் உயரம், அப்படியே ஓடுபாதைக்கு மேலே திரும்பியது. ஓடுபாதையின் கடைசியில், வானத்தில், இறங்க வரும் விமானத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சொன்னால் துப்பாக்கிக்காரர் வருவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். யோசித்தேன் என்று பெருமைக்காகக்கூடச் சொல்ல மாட்டேன். கை ரேடியோவில் இருந்தது.

“டவர், பறவை ஜீப். ஓடுபாதைக்கு மேல வாத்து பறக்குது. இறங்க விடாதீங்க.”

நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எனக்கு இல்லை, விமானிக்கு. இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள், ஓடுபாதையில் பறவை. மூன்றே சொற்றொடர். குரலில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு அவசரம் இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு பெரிய வாத்து என்று கேட்கவில்லை. மாடிப்படி ஈரத்தையே நம்பாதவள், என் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியத்தை நம்பி, அத்தனை பேர் உட்கார்ந்திருந்த விமானத்தைத் தூக்கிவிட்டாள். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெரிய வயிறு என் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு ஏறியது. காற்று வந்து அறைந்ததில் என் தொப்பி பறந்தது. உள்ளே இருந்தவர்கள் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, உங்களை மேலே தூக்கினது என் மகள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

குஞ்சு பயந்துபோய், பறந்த வேகத்திலேயே ஓடுபாதை நடுவில் இறங்கி, வெள்ளைக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

“பறவை ஜீப், டவர். ஓடுபாதை நிலை?”

“டவர், இன்னும் இருக்கு. உள்ள போய் வெளியேத்த அனுமதி வேணும்.”

“அனுமதி. விமானம் சுத்திட்டு வருது. முடிஞ்சதும் சொல்லுங்க. அவசரம் இல்ல.”

அவசரம் இல்லை என்று அவள் சொன்னது பொய். ஒரு விமானம் மேலே எரிபொருளை எரித்துக்கொண்டு சுற்றுகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று வருகிறது. ஆனால் அப்படிச் சொன்னால்தான் என் கால் பதறாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பெரிய வட்டமாகச் சுற்றி, குஞ்சின் பின்னால் போய் நின்றேன். ஓடவில்லை. ஒரு எட்டு வைத்து, நின்று, இன்னொரு எட்டு. அது மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. இறக்கையைத் தூக்கியது. நான் அப்படியே சிலையாகிவிட்டேன். மடக்கிக்கொண்டது. கால்வாய்க்குள்ளிருந்து தாயின் குரல் கேட்டதும், உட்கார்ந்திருந்தது எழுந்து, வெள்ளைக் கோட்டின் மேல் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய பாதையில் இவ்வளவு மெதுவாக யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அதற்குள் ரூல்ஸ் சார் கார் வந்து கால்வாய் ஓரத்தில் நின்றது. கையில் போன். ஹாரன் ஜீப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். குஞ்சு புல்லில் இறங்கி, சரிவில் உருண்டு, தாயிடம் போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஓடுபாதையை ஒருமுறை முழுசாகப் பார்த்தேன். பிறகுதான் பொத்தானை அமுக்கினேன்.

“டவர், பறவை ஜீப். ஓடுபாதை சுத்தம். நானும் வெளிய வந்துட்டேன்.”

“பறவை ஜீப், டவர். நன்றி.”

மேலாளர் என்னைப் பார்த்தார். “மேல எழும்பிருச்சே.”

“எழும்பிருச்சு சார்.”

“நான் சொன்னேன்ல.”

“சொன்னீங்க. அதான் நானும் உடனே டவருக்குச் சொன்னேன்.”

அவர் போனைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார். குழாய்க்குள் ஓடிய இரண்டும் அதற்குள் அம்மாவின் குரல் கேட்டு வெளியே வந்துவிட்டிருந்தன. எல்லாம் சேர்ந்து கால்வாயில் வேலியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. “டவர்ல யாரு?” என்று கேட்டார்.

“எம் பொண்ணு சார்.”

“ஓ” என்றார். டவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நல்லா பண்ணுச்சு” என்றார். பிறகு, அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், “ரொம்ப நல்லா பண்ணுச்சு” என்று சேர்த்துக்கொண்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வாத்துகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அந்த வேலி வரைக்கும்தான் என் ரூல்ஸ். துப்பாக்கிக்காரர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அதுக்குள்ள நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக எண்களைத் தேட ஆரம்பித்தார்.

நான் கால்வாய் ஓரமாக அவற்றின் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் அந்த விமானம் மறுபடி இறங்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் ஒரு விமானம் இறங்கும்போது நான் அதற்கு முதுகைக் காட்டியதில்லை. அன்று திரும்பவில்லை. வேலிக்குக் கொஞ்சம் முன்னால், பறந்து பார்த்த அந்தக் குஞ்சு நின்றது. ஏரியிலிருந்து வந்த காற்றில் கழுத்தை நீட்டியது. கால்வாய்த் தண்ணீரில் நாலு எட்டு ஓடி எழும்பியது, இந்தத் தடவை தடுமாற்றம் இல்லை. அது எழும்பினதைப் பார்த்து இன்னொன்று ஓடியது. அதற்கப்புறம் எல்லாமே. வேலியின் முள்கம்பிக்கு மேலே, ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல், ஓடுபாதைக்கு எதிர்த்திசையில், ஏரியின் பளபளப்பை நோக்கி. ஹாரன் ஜீப்புக்குள்ளிருந்து விசில் அடித்தான். நான் அவனைத் திட்டவில்லை.

தாய் மட்டும் தண்ணீரில் இருந்தது. எழும்ப முயலக்கூட இல்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தது, கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை. என் தோளில் இருந்த ரேடியோவில் மகள் அடுத்த விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தாள், அதற்கடுத்ததோடும். எதுவும் எனக்கானது இல்லை. நான் சத்தத்தைக் குறைக்காமல் கேட்டுக்கொண்டே நடந்தேன். வாத்து வேலிக்கு அடியில் தலையைத் தாழ்த்தி நுழைந்து, அந்தப் பக்கம் நிமிர்ந்து, உதிர்ந்துபோன இறக்கையை ஒருமுறை உதறிவிட்டு, நிதானமாக ஏரிப் பக்கம் நீந்திப் போனது.